இராயப்பரும் இராயபுரமும்: வடசென்னைக் கடற்கரையில் கிறித்தவ நம்பிக்கையும் மக்கள் வழக்கும்

முன்னுரை

ஒரு சமயம் ஒரு நாட்டில் வேரூன்றிய வரலாற்றை எழுதப் புகுவோர், அதனைக் கொணர்ந்தவர் யாவர், அதனைப் பாடிய புலவர் யாவர் என்னும் இரண்டையே பெரும்பாலும் ஆராய்வர். கொணர்ந்தோர்க்கும் பாடினோர்க்கும் இடையே, அச்சமயத்தை ஏற்றுத் தம் தொழிலோடும் தெருவோடும் பாட்டோடும் கலந்து வழிவழியாகக் காத்த பொதுமக்கள் உளர் என்பது அவ்வாராய்ச்சியில் மறைந்துவிடுகின்றது. தமிழ்நாட்டுக் கிறித்தவ இலக்கிய வரலாறும் இக்குறைக்கு விலக்கன்று. தத்துவ போதகர், வீரமாமுனிவர், வேதநாயக சாத்திரியார், கிருட்டிணப் பிள்ளை எனப் புலவர் வரிசை வகுத்து, நூற்பெயரும் ஆண்டும் கூறி அவ்வரலாறு நிறைவுறுகின்றது. நூல் எழுதாத மக்கள் அதன்கண் இடம்பெறார்.

நூல் எழுதாத மக்களும் ஒரு சமயத்தைத் தம் மொழியில் ஆக்கிக்கொள்கின்றனர். அவ்வாக்கம் பெயரிலும், விழாவிலும், தொழில் முறையிலும், பாட்டிலும், கூத்திலும் பதிந்து கிடக்கின்றது. அதனைப் படித்தறிய ஏட்டுச் சுவடி போதாது; ஊர் வேண்டும். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வழியே எண்ணூர் ஈறாகச் செல்லும் வடசென்னைக் கடற்கரை அத்தகையதோர் ஊர்த்தொகுதி. துறைமுகமும் புகைவண்டியும் ஆலைகளும் நெருங்கிய இப்பகுதியில் கிறித்தவ நம்பிக்கையும் மக்கள் வழக்கும் எவ்வாறு ஒன்றையொன்று உருவாக்கின என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மக்கள் வழக்கு என்பது சமயத்தின்மேல் போர்த்த புறவாடை என்பது பலர் கருத்து. அஃது ஆடையன்று, அச்சமயம் தமிழானது அவ்வழக்கினுள்ளேதான் என்பது நாம் நிறுவ முயலும் முடிபு.

பெயர் வழக்கு

இராயபுரம் என்னும் ஊர்ப்பெயரிலிருந்தே தொடங்குவோம். இயேசு பெருமானின் மாணாக்கருள் தலைவராகிய பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் நெடுங்காலமாக இராயப்பர் என வழங்கினர். அவர் பெயரால் எழுந்த கோயிலைச் சார்ந்த ஊர் இராயபுரம் ஆயிற்று. விசயநகர இராயர் பெயரோடு இவ்வூரை இயைத்தற்கு இடமுண்டே எனின், கோயிலும் அதனை எடுத்த மக்களும் அவர்தம் வழக்கும் கண்முன் நிற்க, அரசர் பெயரைத் தேடிச் செல்லுதல் வேண்டாததாம்.

இனி, பேதுரு எவ்வாறு இராயப்பர் ஆனார் என்பது ஆய்தற்குரியது. தமிழ்க் கத்தோலிக்க வழக்கிலுள்ள புனிதர் பெயர்களை மூவகையாகப் பகுக்கலாம். முதல்வகை, பிறமொழிப் பெயரின் ஒலியைத் தழுவி மரியாதை விகுதி மட்டும் பெற்றவை: அந்தோணியார், சவேரியார், இஞ்ஞாசியார் என்பன. இரண்டாம் வகை, ஒலியைத் தழுவி அப்பர் என்னும் முறைப்பெயரோடு புணர்ந்தவை: சூசையப்பர், யாகப்பர் என்பன. மூன்றாம் வகையே நம் கருத்தை ஈர்ப்பது. அவை பெயரின் பொருளைத் தமிழாக்கி அப்பர் என்பதனோடு சேர்த்தவை. பவுலுசு என்னும் இலத்தீன் பெயர்க்குச் சிறியவர் என்பது பொருள். அவர் சின்னப்பர் ஆனார். யோவான் என்பதன் மூலமாகிய எபிரேயப் பெயர் இறைவன் அருளினான் எனப் பொருள்படும். அவர் அருளப்பர் ஆனார். தேபான் என்னும் கிரேக்கப் பெயர்க்கு முடி என்பது பொருள். அவர் முடியப்பர் ஆனார். பெனடிக்டு என்பது வாழ்த்துப் பெற்றவர் எனப் பொருள்படுதலின் அவர் ஆசீர்வாதப்பர் ஆனார்.

இவ்வரிசையில் வைத்து நோக்கின் இராயப்பர் என்பதன் பொருளும் விளங்கும். பேதுரு என்னும் கிரேக்கப் பெயர்க்குக் கல் அல்லது பாறை என்பது பொருள். ராயி என்பது தெலுங்கில் கல்லைக் குறிக்கும் சொல். நாயக்கர் காலத்தே தெலுங்கும் தமிழும் ஒருங்கு வழங்கிய சூழலில் இச்சொல் பெயராகியிருத்தல் இயல்பே. அரசன் எனப் பொருள்படும் இராயன் என்னும் சொல்லிலிருந்து இது வந்தது என்பாரும் உளர். திருச்சபையின் தலைவர் என்னும் சிறப்பு நோக்கி அப்பொருளையும் மக்கள் உடன்கொண்டிருக்கலாம். எனினும் சின்னப்பர், அருளப்பர், முடியப்பர் ஆகிய மூன்றும் நேர் மொழிபெயர்ப்பாக நிற்ப, நான்காவது மட்டும் வேறு நெறியிற் சென்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. கல் என்னும் பொருளே வலியுடையது என்க.

வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசையப்பரை வளன் எனப் பெயரிட்டுப் பாடினார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர்க்குப் பெருகுதல் என்பது பொருளாதலின் வளன் எனல் நுட்பமானதொரு மொழிபெயர்ப்பே. புலவர் அதனைப் போற்றுவர். ஆயினும் பிள்ளைக்குப் பெயரிடும் வீட்டில் வளன் என்பது சூசை என்பதைப்போல் பரவவில்லை. இராயப்பன், சின்னப்பன், அருளப்பன் என்னும் பெயர்களோ குடும்பந்தோறும் நுழைந்தன, ஊர்ப்பெயராகவும் நிலைத்தன. ஒரே நெறியிற் பிறந்த இரண்டனுள் ஒன்று காவியத்தில் நின்றது. மற்றொன்று வாழ்வில் நின்றது.

அப்பர் என்னும் ஈறும் கருதத்தக்கது. இராயபுரத்திற்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள திருவொற்றியூர், மூவர் தேவாரமும் பெற்ற தலம். அவருள் நாவுக்கரசரைத் தமிழுலகம் அப்பர் என்றே அழைக்கும். அப்பர் பாடிய கடற்கரையிலேயே இராயப்பருக்குக் கோயில் எழுந்தது. சைவ வழக்கைப் பார்த்துக் கிறித்தவர் இவ்வீற்றைக் கடன்கொண்டனர் என்று நாம் கூறவில்லை. பெரியோரைத் தந்தை முறை கூறி அழைத்தல் தமிழ் மக்களின் பொதுவழக்கு. ஞானசம்பந்தர் நாவுக்கரசரை அழைத்ததும், மீனவர் பேதுருவை அழைத்ததும் அவ்வொரு வழக்கின் இரு கிளைகள். உறவுமுறைப் பெயர் பெற்ற புனிதர் அயலார் ஆகார். குடும்பத்தில் ஒருவர் ஆவார்.

படகும் கோயிலும்

இராயபுரத்து இராயப்பர் கோயில் 1829-ஆம் ஆண்டு எழுந்தது. அதனை எழுப்பியவர் அரசரும் அல்லர். வணிகக் கும்பினியாரும் அல்லர். கோட்டைக்கு அருகே கடற்கரையில் வாழ்ந்து பின்னர் வடக்கே குடியேறிய கத்தோலிக்கப் படகுத் தொழிலாளர் தம் பொதுப்பணத்தால் எழுப்பியது அது. இவ்வொரு செய்தி நம் ஆராய்ச்சிக்கு அடிப்படையாவது.

அவர்தம் தொழிலின் இயல்பை அறிந்தாலன்றி இதன் அருமை விளங்காது. சென்னைக்கு அக்காலத்துத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலைமடிப்பைக் கடந்து கரை சேர்தற்கு மசூலாப் படகு ஒன்றே வாயில். ஆணி அறையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்துப் பிணைத்த படகு அது. ஆணியடித்த படகு அலையில் மோதிப் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுத்து மீளும். தண்டல் ஒருவர் பின்னே நின்று துடுப்பால் திசை காக்க, தண்டு வலிப்போர் பாட்டிசைத்து ஒருசேர வலிப்பர். ஒரு நகரத்தின் வாணிகம் முழுவதும் இவர்தம் தோள்வலியையும் அலையறியும் நுட்பத்தையும் நம்பி நின்றது. ஆயினும் நகரத்தின் வரலாற்றில் இவர் பெயர் அருகியே காணப்படுகின்றது.

இம்மக்கள் தமக்குரிய புனிதராகப் பேதுருவைக் கொண்டமை தற்செயலன்று. நற்செய்தி நூல்களின்படி அவர் வலைஞர், படகுடையவர், இயேசு பெருமான் கரையில் நின்ற மக்களுக்கு அவர் படகிலமர்ந்தே உபதேசித்தார், அலைமேல் நடக்க முயன்று அஞ்சி அமிழ்ந்து கை பற்றப்பெற்றவரும் அவரே. உரோமையில் அவர் திருச்சபைத் தலைவர், திறவுகோல் தாங்கியவர். இராயபுரத்திலோ முதற்கண் படகர், பிறகே தலைவர். ஒரு நம்பிக்கை ஒரு நாட்டில் நுழையும்போது மக்கள் அதனுள் தமக்குரிய பகுதியைத் தெரிந்து முன்னிறுத்திக்கொள்வர் என்பதற்கு இது தக்க சான்று.

கோயிலுக்கான பொருளைத் திரட்டிய முறையும் மக்கள் வழக்கே. தொழிற்குழுவினர் தம் வருவாயில் ஒரு பங்கைப் பொதுச்செயலுக்கு ஒதுக்குவதை மகமை என்பர். வணிகர் சிவன் கோயிலுக்கும் சத்திரத்திற்கும் ஒதுக்கிய மகமையும், படகர் தம் படகுக்கூலியிலிருந்து இராயப்பருக்கு ஒதுக்கிய பணமும் ஒரே ஒழுங்கின்பாற்பட்டன. இவ்வொழுங்கில் கோயில் என்பது குருமாரின் உடைமை மட்டும் அன்று. கூலியில் பங்கிட்டவர் அனைவர்க்கும் உரிமையுடையது. சென்னைக் கத்தோலிக்கர் அந்நூற்றாண்டில் போர்ச்சுக்கல் அரசின் சலுகை பெற்ற மயிலை மறைமாவட்டம் ஒருபுறமும், உரோமையிலிருந்து நேரே அமைந்த சென்னை ஆட்சி மற்றொருபுறமும் என ஈராட்சியின் இடையே வாழ்ந்தனர். அவ்விரண்டும் 1952-இல்தான் ஒன்றாயின. மேலிருந்த ஆட்சி இரண்டுபட்டிருந்த காலத்தில், கீழிருந்த மக்களின் பொதுப்பணமும் பொதுவிழாவுமே கோயிலைத் தாங்கி நின்றன.

இம்மக்கள் குருகுலத்தார் என்னும் பெயர் தாங்குதல் மேலும் ஒரு சிறப்பு. பாரதத்துக் குரு மரபை நினைவூட்டும் பெயர் இது. ஈழத்துக் கரையாரிடையேயும் குருகுல மரபுரிமை பேசப்படுகின்றது. அவருள்ளும் கத்தோலிக்கர் பலர். நம்பிக்கையால் இராயப்பரின் மக்கள். குலக்கதையால் பாரதத்தின் மக்கள். இவ்விரண்டும் முரண் எனின், அற்றன்று. குலக்கதை என்பது மக்கள் தம் மதிப்பை உலகிற்கு உரைக்கும் மொழி. சமயம் மாறியபோதும் அம்மொழியை அவர் கைவிடவில்லை. பாரதக் கூத்து ஆடிய நிலத்தில் குலப்பெருமை பாரதத்தின் வழியே பேசப்பட்டது. உள்ளத்து வழிபாடு வேறாயிற்று.

விழாவும் தெருவும்

சூன் 29-ஆம் நாள் இராயப்பர் சின்னப்பர் இருவர்க்கும் உரிய திருநாள். உலகத் திருச்சபை முழுவதற்கும் பொதுவான நாளாயினும், தமிழ்நாட்டில் அதனை நடத்தும் முறை தமிழ் முறையே. கொடியேற்றம், நவநாள், தேர், கொடியிறக்கம் என விழா அமையும். பூசை, கோயில், தேர், நேர்ச்சை, உபயம் என்னும் சொற்கள் அனைத்தும் இந்நாட்டு ஆலயங்களின் பொதுச்சொற்கள். திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் கொடியேற்றித் தேரோட்டும் பெருவிழாவைக் கண்ட கண்களுக்கு, இராயபுரத்துக் கொடியும் தேரும் விளக்கவுரை வேண்டாதன. தெருவுக்கென ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தில் இரு சமயத்தாரும் பேசினர்.

திருவொற்றியூர் கலிய நாயனாரின் ஊர். எண்ணெய் வாணிகராகிய அவர் விளக்கெரிக்கும் தொண்டில் பொருள் முழுதும் இழந்து, ஈற்றில் தம் குருதியாலேயே விளக்கேற்றத் துணிந்த வரலாற்றைச் சேக்கிழார் பாடினார். தொழிலாலும் உடலாலும் இறைவனுக்குக் கொடுத்தல் என்னும் கருத்து இக்கடற்கரைக்குப் பழையது. கூலியில் பங்கிட்டுக் கோயில் எடுத்த படகரும், இன்றும் ஆகத்து இறுதியில் காவியுடை உடுத்து வேளாங்கண்ணி மாதாவை நோக்கிக் கால்நடையாகச் செல்லும் சென்னைத் தொழிலாளரும், தலைமுடி காணிக்கை தரும் தாய்மாரும் அக்கருத்தின் வழிவந்தோரே. நேர்ச்சையில் இறையியல் நூலறிவு இல்லை. ஆயினும் உடலால் உணர்ந்த ஓர் இறையியல் உண்டு.

தடையும் தொடர்ச்சியும்

இவ்வழக்குகள் எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. கிறித்தவர் நாட்டு வழக்கை மேற்கொண்டது போதகர் வகுத்த உத்தியே என்பது ஒரு சாரார் கொள்கை. தத்துவ போதகர் மதுரையில் மேற்கொண்ட துறவுக்கோலத்தை அவர் எடுத்துக்காட்டுவர். அக்கொள்கை ஒரு பகுதிக்குப் பொருந்தும், முழுமைக்கும் பொருந்தாது. போதகர் தடுத்த பின்னரும் மக்கள் விடாத வழக்குகளை உத்தி எனல் எங்ஙனம்?

1704-ஆம் ஆண்டு பாப்பரசரின் தூதராகப் புதுச்சேரியில் தங்கிய தூர்னோன், தமிழ்க் கிறித்தவர் வழக்குகள் பலவற்றைத் தடுத்து ஆணையிட்டார். திருமுழுக்குப் பெயர் உரோமைப் புனிதர் வரிசையினின்றே அமைதல் வேண்டும். பிள்ளையார் உருப்பொறித்த தாலி கூடாது. மணவிழாவில் தேங்காய் உடைத்தல் கூடாது. கிறித்தவ இசைக்கலைஞர் பிற சமயக் கோயில் விழாக்களில் வாசித்தல் கூடாது என்பன அவ்வாணையிற் சில. 1744-இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசர் இவ்வாணையை உறுதி செய்தார். போதகர் இவ்வாணையைக் காப்பதாகச் சூளுரைக்கும் கடப்பாடு 1940 வரை நீடித்தது.

தடையாணைகள் வரலாற்றாசிரியனுக்குச் சிறந்த சான்றுகள். யாரும் செய்யாத ஒன்றை எவரும் தடுப்பதில்லை. மேளமும் குழலும் வாசித்த கிறித்தவர் இருந்தனர். அவர் ஊர் விழாக்களில் தம் அயலாரோடு நின்று வாசித்தனர். தாலியும் தேங்காயும் மணப்பந்தலில் இருந்தன என்பதை இவ்வாணையே நமக்குக் கூறுகின்றது. பிள்ளையார் நீங்கிய இடத்தில் சிலுவை பொறித்த தாலி இன்றும் தமிழ்க் கிறித்தவ மங்கையர் கழுத்தில் விளங்குகின்றது. பெயர் உரோமைப் புனிதருடையதாயிற்று. அப்பெயரின் வடிவமோ சின்னப்பர், இராயப்பர் எனத் தமிழாகவே நின்றது. ஆணை பொருளைத் தொட்டது. மக்கள் வடிவத்தைக் காத்துக்கொண்டனர்.

சீர்திருத்தச் சபையாரிடையேயும் இத்தகைய மோதல் நிகழ்ந்தது. வேப்பேரியில் தொண்டாற்றிய பப்ரீசியசு (1711–1791) செருமானியப் பாடல்களை அவற்றின் மெட்டுக்கேற்பத் தமிழாக்கினார். ஞானப்பாட்டு என அவை இன்றும் பாடப்படுகின்றன. ஆயினும் அயல் மெட்டின் அளவில் தமிழை அடக்க முயன்ற முயற்சி அது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) மறுதலையாகத் தமிழ் மெட்டில் விவிலியத்தைப் புகுத்தினார். நாட்டார் கேட்டு மகிழ்ந்த குறவஞ்சியில் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். நொண்டி நாடகத்தில் ஞானநொண்டி நாடகம் பாடினார். ஏற்றமிறைப்போர் பாட்டில் ஞான ஏற்றப்பாட்டு அமைத்தார். பின்வந்த போதகர் சிலர் இவற்றையும் நாட்டு வழக்குகள் பிறவற்றையும் ஐயுற்றுக் கடிந்தனர். சாத்திரியார் அவரை எதிர்த்து எழுதினார். ஈற்றில் வென்றது பாட்டே. 1853-இல் அமெரிக்கப் போதகர் எட்வர்டு வெப் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். இன்று கீர்த்தனையின்றித் தமிழ்ச் சபை வழிபாடு இல்லை.

பாட்டும் கூத்தும்

கடற்கரை மக்களின் பாட்டு தண்டு வலிக்கும் தாளத்திற் பிறந்தது. மசூலாப் படகில் ஏறிக் கரைசேர்ந்த ஐரோப்பியப் பயணிகள் படகரின் ஓயாப் பாட்டை வியந்து குறித்துள்ளனர். அப்பாட்டில் வரும் ஏலேலோ என்னும் ஒலியை மயிலைக் கடல்வணிகர் ஏலேலசிங்கரோடு இயைத்து, அவர் திருவள்ளுவரின் மாணாக்கர் எனக் கூறும் கதை இக்கடற்கரையில் வழங்குகின்றது. சமயம் எதுவாயினும் படகின் பாட்டு ஒன்றே. அலை அனைவர்க்கும் ஒரே தாளத்தையே கற்பித்தது.

கூத்தின் வரலாறு இன்னும் வளமுடையது. கத்தோலிக்கப் புனிதர் வரலாறுகள் அம்மானையாகவும் வாசகப்பாவாகவும் நாடகமாகவும் தமிழ்க் கரைகள்தோறும் பரவின. வீரமாமுனிவரே கித்தேரியம்மாள் அம்மானை பாடினார். காவியம் பாடிய கை அம்மானையும் பாடியது என்பதைப் புலவருலகம் ஓரளவே கருதியுள்ளது. போர்ச்சுக்கல் நாட்டுக் கன்னி ஒருத்தியின் கதை அம்மானை என்னும் பொதுமக்கள் வடிவில் அமைந்தமையால், அது படித்தோர் வாயினின்று கேட்டோர் நெஞ்சிற்குச் சென்றது.

ஞானசௌந்தரி கதை இதற்குத் தலைசிறந்த சான்று. மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்த இளவரசி, தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெறும் கதை அது. கையிழந்த கன்னியின் கதை ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் நாட்டுப்புறக் கதையாக வழங்குவது. தமிழ்நாட்டிற்கும் ஈழத்திற்கும் வந்தபின் நல்லதங்காள் கதை கேட்டு அழுத மக்களுக்கு இது மற்றொரு நல்லாள் கதையாயிற்று. மேடையில் நெடுங்காலம் நடந்த இக்கதையை 1948-ஆம் ஆண்டில் சென்னையின் இரண்டு படநிறுவனங்கள் ஒருங்கே திரைக்குக் கொணர்ந்தன. சிட்டாடல் நிறுவனத்தார் எடுத்த படம் பெருவெற்றி கண்டது. நாகூர் இயக்க, டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த அப்படத்தில், சிறுமியாகிய ஞானசௌந்தரிக்கு ஜிக்கியும் வளர்ந்த பின் பி. ஏ. பெரியநாயகியும் குரல் கொடுத்துத் தேவமாதாவை நோக்கிப் பாடும் பாட்டு, கிறித்தவர் அல்லாத இல்லங்களிலும் ஒலித்தது. 1971-இல் வெளிவந்த அன்னை வேளாங்கண்ணி என்னும் படமும் இவ்வழியிற் சென்றது. கோயில் வாயிலைக் கடந்து திரையரங்கிற்கு வந்தபோது நம்பிக்கை மெலிந்தது என்று சிலர் வருந்தக்கூடும். அங்ஙனம் வருந்துதற்கு முன், அக்கதை கோயிலுக்குள் பிறந்ததன்று, மக்கள் வாயிற் பிறந்தது என்பதை நினைவு கூர்தல் நன்று.

இக்காலத்து வடசென்னையின் சிறப்பான பாட்டு கானா. இந்துத்தானிச் சொல்லால் பெயர்பெற்று, சென்னைத் தமிழில் பாடப்பட்டு, இறந்தோர் வீட்டில் இரவு முழுதும் ஒலித்துத் துயரை ஆற்றும் பாட்டு அது. ஒப்பாரியின் கடமையைத் தொழிலாளர் தெருவில் அது ஏற்றுக்கொண்டது. திருச்சபை நூல் வகுத்த இறுதிச் செபம் ஒருபுறம் நிற்க, கிறித்தவர் வீட்டு இழவிலும் கானா ஒலிக்கின்றது. கானா மெட்டில் இயேசுவைப் பாடுவோரும் உளர். குறவஞ்சியை ஏற்றதற்கும் கானாவை ஏற்பதற்கும் முறையால் வேற்றுமை இல்லை. முன்னது பழமையால் இலக்கியம் எனப்பட்டது. பின்னது அண்மையால் அப்பெயர் பெறவில்லை.

துறைமுகமும் ஆலையும்

1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாசா நோக்கித் தென்னாட்டின் முதற்புகைவண்டி புறப்பட்டது. 1861-இல் கடலுக்குள் இரும்புப் பாலம் அமைந்தது. 1875-இல் துறைமுகத்திற்கு வேல்சு இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1881-ஆம் ஆண்டுப் புயல் அம்முயற்சியைச் சிதைத்த பின்னும் பணி தொடர்ந்து நிறைவேறியது. கப்பல் கரையை அணைந்து நின்றபோது மசூலாப் படகின் தொழில் முடிந்தது. கோயிலை எடுத்த தொழில் கோயிலுக்கு முன்னரே மறைந்தது எனலாம். படகர் மரபினர் துறைமுகத்திலும் புகைவண்டிப் பணியிலும் மீன்பிடித்தலிலும் பிற தொழில்களிலும் பரந்தனர்.

மேஸ்திரி, பீப்பாய், ஏலம், சாவி என்னும் போர்ச்சுக்கீசியச் சொற்கள் துறைமுகத் தொழிலில் தங்கியதுபோல, பாதிரி, குருசு என்பன வழிபாட்டில் தங்கின. தொழிலின் சொல்லும் தொழுகையின் சொல்லும் ஒரே கப்பலில் வந்தன. பின்னர் இருபதாம் நூற்றாண்டில் திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் ஊர்தி ஆலைகளும் அனல்மின் நிலையமும் எழுந்தன; 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. வேலை நாடி வந்த பல மாவட்டத்து மக்கள் தத்தம் ஊர்ப்புனிதரையும் உடன்கொணர்ந்தனர்.

ஆக்கத்தோடு இழப்பும் வந்தது. துறைமுகச் சுவர் மணலோட்டத்தைத் தடுத்தமையால் அதன் வடபால் உள்ள இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் அரித்தது. மணற்கரை இருந்த இடத்தில் கருங்கற் குவியல் தடுப்பாக நிற்கின்றது. 2017-இல் எண்ணூர்க்கு அருகே இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 திசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணெய் பரவி மீனவர் வாழ்வை வருத்தியது. படகு இழுத்துவிடும் மணலும், மீன்படும் கழியும் இல்லையாயின், படகரின் புனிதர் என்னும் கருத்துக்கு நிலைக்களன் யாது? கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குரிய மீன்பிடித் தடைக்காலம் சூன் 14-இல் முடிய, இரு வாரம் கழித்து இராயப்பர் திருநாள் வருகின்றது. கடலுக்கு மீண்ட மக்களுக்கு அத்திருநாள் வெறும் நாட்காட்டிக் குறிப்பன்று. தொழில் அறுந்தால் அப்பொருளும் அறும்.

மற்றோர் இழப்பு நம் துறையைச் சார்ந்தது. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து ஆக்கிய திருவிவிலியம் வெளிவந்தது. பிரிந்து நின்ற சபைகள் ஒரே தமிழ் விவிலியத்தைப் பெற்றது போற்றத்தக்க செயல். அதன்கண் பொதுமை கருதிப் பேதுரு, பவுல், யோவான் என்னும் வடிவங்களே அமைந்தன. முன்னைக் கத்தோலிக்க மொழிபெயர்ப்புகளில் நின்ற இராயப்பரும் சின்னப்பரும் அருளப்பரும் வழிபாட்டு வாசகத்தினின்று விலகினர். இளந்தலைமுறையினர் இராயபுரம் என்னும் பெயரில் பேதுருவைக் காணாமற்போகும் நிலை இதனால் நேரும். ஒற்றுமைக்காகக் கொடுத்த விலை அது. விலை இன்னதென்று அறிந்து கொடுத்தல் வேறு. அறியாது இழத்தல் வேறு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் போந்த கருத்து இது. வடசென்னைக் கடற்கரையில் கிறித்தவ நம்பிக்கை மக்கள் வழக்கை அணிந்துகொண்டது என்பதினும், மக்கள் வழக்கே அந்நம்பிக்கையைத் தமிழாக்கியது என்பதே பொருந்தும். பெயரை மொழிபெயர்த்தது அது. கூலியிலிருந்து கோயில் எடுத்தது அது. தேரும் கொடியும் தாலியும் தந்தது அது. தடையாணையைத் தாண்டி வாழ்ந்ததும் அதுவே. அயற்சமயம் என்று ஒருவர் கூற முற்படின் அவர்க்கு இராயபுரம் என்னும் ஊர்ப்பெயரே விடை பகரும்.

இனித் தமிழ்த்துறையினர் செய்தற்குரியன சில உள. ஈழத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மூவிராசாக்கள் நாடகம், ஞானசௌந்தரி நாடகம் முதலிய கத்தோலிக்கக் கூத்துகளைப் பதிப்பித்து, அவை பல்கலைக்கழக ஆய்வுக்குரியன என நிலைநாட்டினார். அவ்வழி நின்று இக்கடற்கரையின் தொழிற்பாட்டு, இழவுக் கானா, திருநாள் நாடகம், நேர்ச்சைச் சொல் ஆகியவற்றைத் தொகுத்தல் வேண்டும். கோயில் மகமைக் கணக்கும் விழா அழைப்பிதழும் சுவடியைப் போலவே சான்றெனக் கொள்ளப்படல் வேண்டும். திருமுழுக்குப் பதிவேடுகளிலுள்ள பெயர் வடிவங்களை ஆண்டு முறையில் ஆராய்ந்தால், இராயப்பன் எப்போது பீட்டர் ஆனான், பீட்டர் எப்போது பேதுரு ஆனான் என்பது தெளிவாகும். அஃது ஒரு பெயரின் வரலாறு மட்டும் அன்று. ஒரு மக்கள் தம்மைத் தமிழில் எவ்வாறு அழைத்துக்கொண்டனர் என்பதன் வரலாறாம்.

பழைய கடல்தொழிலை நேரில் அறிந்தோர் முதுமை எய்தி வருகின்றனர். அவர் நினைவிலுள்ள பாட்டும் சொல்லும் ஏட்டில் ஏறாதன. அவற்றைக் கேட்டுப் பதிவு செய்தல் காலந்தாழ்த்தாது இயற்றற்குரிய பணி என்பதனை ஆய்வு மாணவர் உளங்கொள்வாராக.